அறுபதுக்கு மேல் வலுப்பயிற்சி: உடம்புக்கும் மனசுக்கும் முதல் மூன்று மாத வழிகாட்டி

"தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், அது போதாதா?" சென்னையில் எந்தப் பூங்காவில் பேச்சைத் தொடங்கினாலும் முதலில் வரும் கேள்வி இது. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் தாழ்வான சோபாவிலிருந்து எழ, பஸ் படி ஏற, இடறினால் சமாளித்து நிற்கத் தேவைப்படும் பலம் நடையால் மட்டும் வராது. அதற்குத் தசைகள் தமக்குப் பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமையைச் சந்திக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

பெரியவர்களோடு சேர்ந்து இந்தப் பயிற்சியைச் செய்துவருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் இடறுகிறார்கள். முதல் நாளே டம்பெல்ஸ் வாங்கிவிடுகிறார்கள். கால் பயிற்சியை விட்டுவிட்டுக் கையில் தொடங்குகிறார்கள். அளந்து பார்க்காமல் ஆரம்பிப்பதால், முன்னேற்றம் வந்தும் அவர்களுக்கே தெரியாமல் போகிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. டாக்டரிடம் குறிப்பான கேள்வியோடு போங்கள்

"எக்ஸர்சைஸ் பண்ணலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால், "வாக்கிங் போங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இப்படிக் கேளுங்கள்: "நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரைத் தள்ளும் பயிற்சி, இரண்டு மூன்று கிலோ தூக்கும் பயிற்சி செய்யப் போகிறேன். இதில் நான் எதைத் தவிர்க்க வேண்டும்?"

மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் பயிற்சியின்போது சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம். ப்ராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள், எழுந்து நிற்கும் நொடியில் ரத்த அழுத்தத்தைக் குறைத்துத் தலைசுற்ற வைக்கும். நாம் செய்யப்போவதே உட்கார்ந்து எழுவது என்பதால் இது முக்கியம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுத்தால் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. எனவே பல்ஸைப் பார்த்து உழைப்பை அளக்கக் கூடாது.

பிரஷர் 180/110க்கு மேல் இருந்தால் அது கட்டுக்குள் வரும்வரை தொடங்க வேண்டாம். சமீபத்தில் நெஞ்சுவலி, ஸ்டென்ட், கண் அறுவை சிகிச்சை, குடலிறக்கம் இருந்தாலோ, சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தாலோ, கண் அழுத்த நோய் இருந்தாலோ அதைத் தனியாகச் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானம் என்று பொதுவாகச் சொல்லும் எலும்பு அடர்த்திக் குறைவு இருப்பவர்கள், எடையைப் பிடித்தபடி முன்னால் குனிவதையும் இடுப்பைத் திருப்புவதையும் விட்டுவிட வேண்டும். அந்த அசைவுகளில் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து அதிகம்.

இதற்கெல்லாம் குடும்ப டாக்டரே போதும். பல நோய்கள் சேர்ந்து இருப்பவர்கள் கிண்டியில் உள்ள தேசிய முதியோர் நல மருத்துவமனைக்குப் போகலாம். வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அப்படிப்பட்டவர்கள் இந்த வழிகாட்டியை அவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

2. வீட்டில் தயார் செய்ய வேண்டியவை

நாற்காலிதான் முதல் கருவி. மரத்திலோ இரும்பிலோ செய்தது, சக்கரம் இல்லாதது, உட்காரும் பலகை உங்கள் முழங்கால் உயரத்துக்கு இருப்பது. அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். டைல்ஸ் தரையில் அது பின்னால் வழுக்கும், உட்காரும்போது கால்கள் விரியும்.

தரை துடைத்த ஈரம் காயட்டும். கால்மிதியை எடுத்துவிடுங்கள். ரப்பர் செருப்பும் சாக்ஸும் ஆகாது. வெறுங்காலோ, பிடிமானமுள்ள ஷூவோ சரி. சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தால் ஷூ கட்டாயம். உடையையும் கவனியுங்கள்: எழும்போது நைட்டியின் விளிம்பையோ வேட்டியையோ மிதித்துத் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். கணுக்காலுக்கு மேலே நிற்கும் உடை எதுவானாலும் போதும்.

தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு கிலோ. உறுதியான கைப்பிடியுள்ள துணிப்பை இரண்டு. ஒரு நோட்டுப் புத்தகம். கைக்கெட்டும் இடத்தில் போன். முதல் மாதத்துக்கு இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டாம். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பேண்டும், கணுக்காலில் கட்டும் வெயிட்டும் தேவைப்படும்போது பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன.

3. தொடங்கும் முன் அளந்து எழுதுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். மனசுக்குக் கிடைக்கப்போகும் பலன் இங்கேதான் தொடங்குகிறது என்பதால் நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

முதல் அளவு: கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது? பக்கத்தில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோலில், 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12 முறைக்கும் பெண் 11 முறைக்கும் குறைவாக எழுந்தால், விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். 75 முதல் 79 வயதில் ஆணுக்கு 11, பெண்ணுக்கு 10. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லையா? பூஜ்யம் என்று எழுதுங்கள். அதுவும் ஒரு தொடக்கம்தான்.

இரண்டாவது: சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்களுக்கு முன்னால் ஒட்டி வைத்து 10 விநாடி நிற்க முடிகிறதா?

மூன்றாவது, மனசுக்கானது. நேற்றிரவு எத்தனை முறை விழித்தீர்கள்? இந்த வாரம் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்? பயத்தால் நீங்கள் தவிர்த்துவரும் ஒரு காரியம் என்ன? "மொட்டை மாடிக்குத் தனியாகப் போவதில்லை", "மெட்ரோ எஸ்கலேட்டர் என்றால் பயம்", "கபாலி கோயில் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டேன்" என்று அதை அப்படியே எழுதுங்கள். மனநிலை மெதுவாக மாறுவதால் அது மாறியதே நினைவில் நிற்காது. எழுதி வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

நோட்டில் எழுதுவது உங்கள் கையாகவே இருக்கட்டும். மகனோ மருமகளோ எழுதித் தர வேண்டாம்.

4. எடைக்கு முன் மூச்சு

பெரும்பாலானோர் பலம் கொடுக்கும்போது தங்களை அறியாமல் மூச்சை அடக்குகிறார்கள். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், கண்ணுக்குள் அழுத்தமும் கூடும். எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். திரும்பும்போது உள்ளே இழுங்கள். இது குழப்பமாக இருந்தால் சத்தமாக எண்ணுங்கள். எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரால் மூச்சை அடக்க முடியாது. நாமம் சொல்லிப் பழகியவர்கள் ஒவ்வொரு எழுதலுக்கும் ஒரு நாமம் சொல்லலாம்.

5. உட்கார்ந்து எழுதல்

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தொடையும் இடுப்பும்தான் உடம்பிலேயே பெரிய தசைகள். கழிவறையில் யார் உதவியும் இல்லாமல் எழுந்து வருவது அவற்றின் பலத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு காரியத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வருமோ என்ற பயம், பெரியவர்கள் வெளியே சொல்லாத பயங்களில் பெரியது.

நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், முழங்காலைவிடச் சற்றுப் பின்னால் தரையில் பதியட்டும். பாதம் முன்னால் இருந்தால் எவ்வளவு பலம் இருந்தாலும் எழ முடியாது. "என்னால் முடியவில்லை" என்பவர்களில் பலருக்கு இதைச் சரிசெய்ததும் எழ வந்துவிடுகிறது.

மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்து, குதிகாலை அழுத்தி, மூச்சை விட்டபடி எழுங்கள். மேலே போனதும் ஒரு நொடி நில்லுங்கள். தலைசுற்றல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். பலன் பாதிக்கு மேல் இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் "அப்பாடா" என்று தொப்பென விழுந்து உட்காருவதுதான் எல்லோருக்கும் பழக்கம். முதுகெலும்புக்கும் அது நல்லதில்லை.

முழங்கால்கள் உள்பக்கம் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய விடாதீர்கள். கால்விரல் காட்டும் திசையிலேயே முழங்காலும் போகட்டும்.

எழ முடியாதவர்கள் நாற்காலி மேல் ஒரு கெட்டியான தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டலாம், அல்லது கைப்பிடியை ஊன்றலாம். வாரம் செல்லச் செல்லக் கையின் பங்கைக் குறையுங்கள். முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருக்கிறதே என்பவர்களுக்கு: தொடைத் தசை பலப்பட்டால் அந்த வலி குறைவதே வழக்கம். உயரமான இருக்கையில் தொடங்குங்கள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமலும், மறுநாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கியும் இருந்தால் தொடரலாம்.

6. மற்ற பயிற்சிகள்

முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதல் மட்டும். அப்புறம் வாரம் ஒன்றாகக் கீழுள்ளவற்றைச் சேருங்கள். ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கினால், எது வலியைக் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

சுவரைத் தள்ளுதல்: ஒரு கை தூரத்தில் நின்று, தோள் உயரத்தைவிடச் சற்றுக் கீழே உள்ளங்கைகளைச் சுவரில் வைத்து, முழங்கையை மடித்துச் சாய்ந்து, தள்ளி நிமிருங்கள். உடம்பு வளையாமல் பலகைபோல் இருக்கட்டும். எளிதானதும் சுவருக்குப் பதில் சமையல் மேடை.

குதிகால் உயர்த்துதல்: மேடையைப் பிடித்து நின்று, நுனிக்காலில் மெதுவாக எழுந்து மெதுவாக இறங்குங்கள். கெண்டைக்கால் பலம் படி ஏறவும், இடறும்போது சமாளிக்கவும் உதவும்.

இழுத்தல்: மேடையில் ஒரு கையை ஊன்றி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, மறுகையில் பாட்டிலைப் பிடித்து முழங்கையைப் பின்னால் இழுங்கள். சுவர்ப் பயிற்சி முன்பக்கத்துக்கு, இது முதுகுக்கு. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் தோள் முன்னோக்கி வளைந்தே இருக்கும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் குனிய வேண்டாம். உட்கார்ந்தபடி ரப்பர் பேண்டை இழுக்கலாம்.

சுமந்து நடத்தல்: இரண்டு துணிப்பையிலும் ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை வைத்து, நிமிர்ந்து, ஹாலில் முன்னும் பின்னும் நடங்கள். கைப்பிடிப் பலம், சமநிலை இரண்டும் சேர்ந்து கிடைக்கும். மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையை நாமே தூக்கி வருவது இதன் நேரடிப் பலன். எல்லோரும் மிகவும் விரும்புவது இந்தப் பயிற்சியைத்தான்.

7. நாள், நேரம், எண்ணிக்கை

வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். உற்சாகத்தில் தினமும் செய்கிறவர்கள்தான் மூன்றாவது வாரம் முழங்கால் வலியோடு நிறுத்திவிடுகிறார்கள். தசை தன்னைச் சரிசெய்து பலப்படுவது ஓய்வு நாளில். அந்த நாட்களில் வழக்கமான நடை நடங்கள்.

முதல் இரண்டு வாரம் எட்டு முறை கொண்ட ஒரே செட். அப்புறம் இரண்டு செட், நடுவே ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. தொடங்கும் முன் ஹாலிலேயே ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். மொத்தமும் அரை மணியில் முடிந்துவிடும்.

சென்னையின் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், அதுவும் ஃபேனுக்குக் கீழே. வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரியவர்களை அதிகம் வாட்டுகிறது, ஏனென்றால் வியர்வை உலராமல் உடம்புச் சூடு இறங்காது. முதியவர்களுக்குத் தாக உணர்வும் குறைவு. பக்கத்திலேயே தண்ணீர் வையுங்கள் (நீர் அளவுக் கட்டுப்பாடு உள்ள இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவுக்குள்). மழைக்காலத்தில் பூங்கா நடை நின்றாலும் இதை நிறுத்தக் காரணம் இல்லை.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். அளவு 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருக்கும் நாளில் பயிற்சியை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

8. எப்போது கூட்டுவது

எண்ணி முடிக்கும்போது "இன்னும் இரண்டு செய்யலாம்" என்று தோன்ற வேண்டும். இன்னும் பத்து செய்யலாம் என்று தோன்றினால் சுமை போதவில்லை. கடைசி ஒன்றுக்கே உடம்பு நடுங்கினால் அதிகம்.

இரண்டு செட்டிலும் 12 முறை, அதுவும் அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில் எளிதாக வந்தால், ஒன்றை மட்டும் கூட்டுங்கள். தலையணையை எடுப்பது, அல்லது பாட்டிலை மார்போடு பிடிப்பது, அல்லது பையில் அரைக் கிலோ சேர்ப்பது. கூட்டியதும் எண்ணிக்கையை எட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

இங்கே இரண்டு வகைத் தவறு நடக்கிறது. ஆண்கள் அவசரப்பட்டுக் கூட்டுகிறார்கள். பெண்கள் பல மாதம் அதே ஒரு கிலோவிலேயே நின்றுவிடுகிறார்கள். தண்ணீர்க் குடம் தூக்கி வளர்ந்தவர்கள், நிரம்பிய கிரைண்டர் பாத்திரத்தை இன்றும் தூக்குகிறவர்கள், ஒரு கிலோ பாட்டிலோடு நிற்க வேண்டியதில்லை. வயதாகிவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம். 1990இல் அமெரிக்காவில், சராசரியாக 90 வயதான முதியோர் இல்லவாசிகள் எட்டு வாரம் கால் தசைக்கு எடைப்பயிற்சி செய்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

9. மனசுக்கு என்ன கிடைக்கும், எப்போது

முதல் சில வாரங்களில் தசை பெருக்காது, ஆனால் பலம் கூடும். மூளையும் நரம்பும் இருக்கிற தசையை முழுதாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதுதான் காரணம். இதனால் நோட்டில் எண்ணிக்கை சீக்கிரமே ஏறத் தொடங்கும். "இனி எல்லாம் இறக்கம்தான்" என்று நம்பியிருந்த ஒருவர், தன் கையால் எழுதிய எண் 6லிருந்து 9 ஆனதைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. மனசுக்கான முதல் மருந்து இந்த எண்தான் என்பது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

அடுத்தது விழும் பயம். பயத்தால் வெளியே போவது குறையும், போகாததால் தசை குறையும், தனிமை கூடும், பயம் இன்னும் வளரும். இந்தச் சுழலை வெளியிலிருந்து "தைரியமா இருங்க" என்று சொல்லி உடைக்க முடியாது. காலில் பலம் வரும்போது அது தானாகத் தளர்கிறது. அந்த நேரத்தில், மூன்றாம் படியில் எழுதிய "தவிர்த்துவரும் காரியத்தை" எடுத்துச் சின்ன அளவில் முயலுங்கள்: மொட்டை மாடிக்கு முதலில் துணையோடு, பிறகு தனியாக.

மனச்சோர்வைப் பற்றி: 33 ஆய்வுகளில் பங்கேற்ற 1,877 பேரின் விவரங்களைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆய்வு, வலுப்பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைப்பதாகக் கண்டது. பலம் அதிகம் கூடாதவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. ஆகவே எடை ஏறவில்லையே என்று கவலைப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். சிந்தனை விஷயத்தில், கனடாவின் வான்கூவரில் 65 முதல் 75 வயதுள்ள 155 பெண்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஓராண்டு, வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ எடைப்பயிற்சி செய்தவர்களுக்குக் கவனத்தைக் குவிக்கும் திறன் கூடியிருந்தது. மறதி நோயே வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

மன அழுத்தத்துக்கான மாத்திரையைப் பயிற்சி தொடங்கியதால் தானாக நிறுத்தாதீர்கள். முதியவர்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் தூக்கமின்மை, பசியின்மை, காரணம் தெரியாத உடம்பு வலி, எதிலும் பிடிப்பின்மை என்றே பலமுறை வரும். நோட்டில் மனநிலை மதிப்பெண் இரண்டு வாரத்துக்கு மேல் தாழ்ந்தே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

10. சாப்பாடு

முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். காலையில் இட்லி, சட்னி, காபி, மதியம் ரசம் சாதம், இரவில் கஞ்சி என்றால் அதில் பாதிகூட வராது. முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராமுக்கு மேல். மூன்று வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

11. உடனே நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, பேச முடியாத மூச்சுத்திணறல், மயக்கம், திடீர்ப் பார்வை மங்கல், ஒரு பக்கம் கைகால் தளர்வு: எதுவானாலும் உட்காருங்கள், 108ஐ அழையுங்கள். "கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கனத்து வலிப்பது இயல்பு, தானாகப் போகும். மூட்டுக்குள் குத்தும் வலியும் வீக்கமும் வேறு விஷயம். அந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிட்டுப் பிசியோவைப் பாருங்கள்.

12. வீட்டில் இருப்பவர்களுக்கு

அம்மா எழும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். பக்கத்தில், ஒரு எட்டு தள்ளி நில்லுங்கள். விழப்போனால் பிடிக்க அந்தத் தூரம் போதும். எண்ணுவது அவர், எவ்வளவு எடை என்று முடிவு செய்வது அவர், இன்று வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கே. வீட்டில் மற்ற எல்லா முடிவுகளும் கைமாறிப்போன வயதில், இந்த அரை மணி முழுக்கத் தன் பொறுப்பில் இருப்பதே மனசுக்குப் பெரிய பலம். நல்லெண்ணத்தில் அதைப் பிடுங்கிவிட்டால் பயிற்சி, பிள்ளைகள் சொல்லும் இன்னொரு வேலையாகிவிடும்.

அக்கம்பக்கத்தில் ஒருவரைச் சேர்த்துவிட முடிந்தால் சேருங்கள். அடுக்ககத்தில் எதிர் வீட்டு மாமி திங்கள்கிழமை கதவைத் தட்டுவார் என்றால், விட்டுப்போவது குறையும்.

13. இடைவெளி விழுந்தால்

காய்ச்சல், கல்யாணம், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கப் பயணம் என்று இடைவெளி விழத்தான் செய்யும். ஒரு வாரம் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் என்றால் பாதி எடை, ஒரே செட். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு வீக்கம் முழுதாக வடியும்வரை காத்திருங்கள். பயணத்தில் உட்கார்ந்து எழுதலை மட்டும் விடாமல் செய்தால், திரும்பி வந்ததும் மற்றவை சீக்கிரம் பழைய அளவுக்கு வந்துவிடும். நாற்காலி எந்த ஊரிலும் கிடைக்கும். நோட்டை மட்டும் மறக்காமல் பெட்டியில் வைத்துவிடுங்கள், 12ஆம் வாரம் மூன்றாம் படியின் மூன்று அளவுகளையும் மறுபடி எடுக்க அது வேண்டும்.